துக்க வீட்டுக்கு ஒரு தட்டு ரபனாதா

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ரபனாதா என்ற பண்டிகைப் பலகாரம் பொரிக்கக் கடையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ரொட்டி. அதன் மேல் இரண்டு கைகள்!

"நான்தான் முதல்ல தொட்டேன்" என்றாள் ஜசிந்தா.

"வரிசையில நின்னப்பவே நான் பார்த்து வச்சிட்டேன்" என்றான் அவன்.

"பார்த்தா உங்களுதாயிடுமா? அப்போ எதிர்ல இருக்கிற கோயிலும் உங்களுதுதானா?"

கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மழையில் நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... எத்தனை நாள் தூங்காத கண்களோ! ரொட்டியை மெல்ல விட்டுவிட்டு, குடைகூட இல்லாமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

"ஏண்டி, சட்டைக் கையில கறுப்புப் பட்டி இருந்ததைப் பார்க்கலையா?" என்றாள் கடைக்கார ஐடா. "டெல்மோன்னு பேரு. உன் வீட்டுக்கு மேல் மாடிதான். நீ ஊர்ல இல்லாதப்ப குடி வந்தாங்க, பத்தாம் நாளே அப்பா போயிட்டார். துக்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கம்பக்கம்தான் பலகாரம் கொண்டு போகணும். ஊருக்குப் புதுசு, யார் கொண்டு போவா? அம்மாவுக்குத் தெரியாம தானே ரபனாதா பொரிக்கலாம்னு வந்திருக்கான், பாவம்."

ஜசிந்தாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கம்பக்கம் என்றால் வேறு யார்? அவள்தானே!

ஓடினாள். மாடிப்படியில் பிடித்துவிட்டாள்.

"இந்தாங்க... நீங்களே வச்சுக்கோங்க."

"பரிதாபப்பட்டு யாரும் எங்களுக்கு எதுவும் தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்விட்டான்.

திமிர்தான்! ஆனால் அந்தக் குரல் ஏன் அப்படி நடுங்கியது?

அந்த ரொட்டியைத் துண்டு போட்டு ராத்திரி முழுக்கக் காயவைத்தாள். கிறிஸ்துமஸ் காலை. பாலில் பட்டையும் எலுமிச்சைத் தோலும் கொதித்து ஆறின. முதல் துண்டு பாலில் ஊறிக் குழைந்து இரண்டாகிப் போனது. இரண்டாவது முட்டையில் புரண்டு எண்ணெயில் விழுந்தது... கருகிவிடுமோ? உள்ளே வேகாதோ? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டால்? அப்புறம் எந்த முகத்தோடு இந்தப் படியில் ஏறி இறங்குவது?

பொன்னிறமாக வந்த பன்னிரண்டு துண்டுகளைச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, வெள்ளைத் துணி போட்டு மூடினாள். மாடியேறிக் கதவைத் தட்டினாள். நெஞ்சு அதைவிடச் சத்தமாகத் தட்டியது.

திறந்தவன் டெல்மோ.

"வேண்டாம்னு சொன்னேனே..."

"உங்களுக்கு யார் கொண்டு வந்தா? இது அம்மாவுக்கு."

"யாருடா அது?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவன் அவளைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.

"யாரும் இல்லைம்மா."

அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. திரும்பி ஒரு படி இறங்கியும் விட்டாள்.

"யாரும் இல்லையாமே! பட்டை வாசனை என் கட்டில் வரைக்கும் வருது!" கறுப்பு உடையில் அமேலியா அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "கீழ்வீட்டுப் பொண்ணா? நில்லும்மா."

துணியை விலக்கிப் பார்த்தவளுக்கு உதடு துடித்தது.

"நேத்துலேருந்து ஒவ்வொரு காலடிக்கும் கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒருத்தரும் வரலை. இந்த ஊர்ல நமக்குன்னு யாருமே இல்லையோன்னு..." பேச்சு முடியவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டெல்மோ தலை குனிந்து நின்றான்.

"மன்னிச்சிருங்க. அம்மா இப்படிக் காத்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா... நானும் காத்திருந்தேன்."

"ரபனாதாவுக்கா?"

"இல்லை. கடையில சண்டை போட்டவளுக்கு. விரட்டிவிட்ட நிமிஷத்துலேருந்து திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். வந்ததும் பயத்துல என்னமோ உளறிட்டேன்."

அவள் கன்னம் சூடேறியது. நல்லவேளை, படிக்கட்டில் வெளிச்சம் குறைவு.

"துக்கம் எவ்வளவு நாள் காப்பீங்க?"

"ஒரு வருஷம். ஈஸ்டர், ஊர்த் திருவிழா... எதுக்கும் சட்டி வைக்க மாட்டோம்."

"அப்போ எல்லாத்துக்கும் நான்தானே கொண்டு வந்தாகணும்?"

அவன் முதல்முறையாகச் சிரித்தான். அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் அந்தச் சிரிப்பு பயமாக மாறிவிட்டது.

"ஒரு வருஷம் முடிஞ்சா... வரமாட்டீங்களா?"

ஜசிந்தா நாலு படி இறங்கினாள். நின்றாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அதுக்கப்புறம் எதுக்குக் கீழேயிருந்து தூக்கிட்டு வரணும்? உங்க வீட்டு அடுப்புலயே பொரிச்சுக்கறேன்..."