பன்னிரண்டு ஃப்ளாஸ்க் கொலை

போன் அலறியது!

திங்கள் காலை. காக்ஸ் டவுனில் பஸ் ஏறப்போன சரளா எடுத்தாள். மறுமுனையில் ஹரிஷ்குமார். வைரஸ் லேபின் தலைவர், அவளுடைய பாஸ்.

"சரளா... எல்லாம் செத்துப் போச்சு! பன்னிரண்டு ஃப்ளாஸ்க்கும்!"

பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள். குரங்குக் காய்ச்சல் வைரஸை உண்ணியின் செல்களில் ஏற்றி, அந்தக் குடுவைகளில் ஆறு மாதம் பிள்ளை மாதிரி அவள் வளர்த்தவை! ஒரு கம்பெனியின் மாத்திரை அந்த வைரஸை ஒன்றுமே செய்யவில்லை என்பதற்கு அவைதான் ஒரே சாட்சி.

அந்தக் கம்பெனியின் ஆலோசகரே ஹரிஷ்குமார்தான்.

லேப் வாசலில் டைரக்டர் நோராவும் நின்றிருந்தார். ஹரிஷ்குமார் ஒரு பேப்பரை நீட்டினார்.

"சனிக்கிழமை கேஸ் சிலிண்டரை மூடிட்டுப் போயிட்டே. கார்பன் டை ஆக்சைடு இல்லாம ரெண்டு நாள்... செல் எப்படிம்மா பிழைக்கும்? என் அஜாக்கிரதைன்னு கையெழுத்துப் போடு. வேலையாவது மிஞ்சும்."

ஆஹா, என்ன கருணை!

"போட மாட்டேன்."

"என்னது?"

"போட மாட்டேன்னேன் சார்! உள்ளே போய்ப் பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? கேஸ் இல்லேன்னா செத்துடும். எல்.கே.ஜி. பாடம்!"

நோரா அலுத்துக்கொண்டார். "சும்மா சைன் பண்ணிடுங்க சரளா..."

"அரை மணி நேரம் குடுங்க மேடம். அப்புறம் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுங்க!"

பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். முதல் ஃப்ளாஸ்க்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெளியே மானிட்டரில் படம் தெளிந்தது...

உருண்டை உருண்டையாய், பளபளவென்று செல்கள்!

"உயிரோட இருக்கே!" நோரா கத்தினார்.

அடுத்தது... அதற்கடுத்தது... பன்னிரண்டும் உயிரோடு!

மைக்கில் சரளாவின் குரல் வந்தது.

"மத்த செல்லுக்குதான் கேஸ் வேணும் மேடம். இது உண்ணி செல். மூடியை இறுக்கி மூடிதான் வளர்ப்போம். வைரஸையும் தாங்கும், கேஸும் வேணாம். ஃப்ளாஸ்க்கைத் தொட்ட எல்லாருக்கும் இது தெரியும். அப்போ, கேஸை மூடினா சாகும்னு நம்பி சிலிண்டரை மூடினது யாரு?"

ஹரிஷ்குமாரின் முகம் வெளிறியது.

நோரா மெல்லத் திரும்பினார். "உண்ணி செல் பத்தி உங்க பேர்ல எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கு, ஹரிஷ்?"

"ஒ... ஒம்போது."

"ஒம்போதும் நான் எழுதிக் குடுத்தது மேடம்!" மைக்கில் சரளா சிரித்தாள். "சார் அதுல ஒண்ணையாவது படிச்சிருந்தா, கொலையை ஒழுங்கா பண்ணியிருப்பார்!"