பின்னுக்கு ஏறிய கார்

கவுண்டர் தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. 1934, தை மாதம். கணவாய்க் காற்று கொழிஞ்சாம்பாறைப் புழுதியை வாரிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. சாமான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் நின்ற காரைப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸை வாங்கி, கோயமுத்தூரில் ஏதோ ஒரு பட்டறையில் விட்டு பாடி கட்டியிருந்தார்கள். ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பின்பக்கம் நீளமாக ஒரு கூடு. கூடு இடது பக்கம் சாய்ந்திருந்தது. கதவு மூட முழங்காலால் முட்ட வேண்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் அப்பிய மக்கு, மக்குக்கு அடியில் விரல் நுழையும் வெடிப்பு. போல்ட்டு போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தான் அந்தப் புண்ணியவான். கழுதைக்குக் கூட இப்படிப் பொதி கட்ட மாட்டார்கள்.

காளிச்சாமிக் கவுண்டர் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய பண்ணைக்காரர், ஆனால் அன்று குரல் ஒடுங்கியிருந்தது.

"ஏப்பா ஈஸ்வரமூர்த்தி, எப்படியாச்சும் பத்து நாளைக்குள்ள ஓட வெச்சுப்போடு. கமலாத்தாளுக்கு அதுக்கு மேல தாங்காதுன்னு மருத்துவச்சி சொல்றா."

கமலாத்தாள் அவருடைய ஒரே மகள். முன்பு இரண்டு பிள்ளை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மாட்டு வண்டியிலேயே, செத்துப் பிறந்தன. இந்த மூன்றாவது பிள்ளைக்காகத்தான் இந்தக் கார்.

"இதும் போச்சுன்னா எம்பொண்ணு இருக்க மாட்டா" என்றார். வாய்க்கு வந்த திட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

தரைப் பலகையைப் பெயர்த்த பிறகுதான் முழு லட்சணமும் தெரிந்தது. கூட்டையே தாங்குகிற இரண்டு நீளச் சட்டங்களும் பச்சை மரம். காய்ந்து முறுக்கிக்கொண்டு நின்றன. அவற்றை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. நன்றாகக் காய்ந்த மரத்துக்கு எங்கே போவது? ஆளனுப்பி வரவழைக்கவே பத்து நாள் ஆகும்.

அப்போதுதான் அந்தக் கிணறு கண்ணில் பட்டது.

சுவரில்லாத கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண் சரிவு மேலேறிப் போய்ப் பாழுங்கிணற்று விளிம்பில் முடிந்தது. கவலைக் கிணறு. எருதுகள் சரிவில் இறங்கும்போது தோல் பறி தண்ணீரோடு மேலே வரும். பிறகு எருதுகள் அப்படியே பின்னுக்கு நடந்து விளிம்புவரை ஏறும். இறைப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் உருளையைத் தாங்கிய இரண்டு மரக்கால்கள் மட்டும் விளிம்பில் நின்றன. தட்டினேன். கணீரென்று கேட்டது.

பண்ணையாள் குப்பண்ணன் ஓடி வந்தார். அறுபது வயதிருக்கும்.

"அதைத் தொடாதீங்க மேஸ்திரி. ஆளு வுழுந்த கெணத்துச் சாமான் அங்கயே மக்கிப் போவோணுமுங்க. ஊட்டுப் பக்கம் கொண்டாரக் கூடாது."

"யார் விழுந்தது?"

"மாரப்பன். கவலை ஓட்டினவன். ரெண்டு எருதோட." அவர் கிணற்றைப் பார்க்காமல் பேசினார். "எருது பின்னுக்கு வாரப்ப விளிம்புல நின்னுக்கிட்டு, நில்லுன்னு கொரல் குடுக்கறது என்ற வேலைங்க. அன்னைக்குக் கண்ணசந்துட்டேன்."

எனக்கு மரம் என்றால் மரம்தான். கவுண்டர் பக்கத்துச் சித்தூருக்குப் போயிருந்தார்; அவரைக் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாமென்பார் என்று தெரியும். அன்றே இரண்டு கால்களையும் அறுத்துச் சாய்த்தேன். மூன்றாம் நாள் அவை காருக்கு அடியில் சட்டங்களாக உட்கார்ந்துவிட்டன. முக்கால் அங்குலப் போல்ட்டு. கூடு நிமிர்ந்தது. கதவு விரல் பட்டதும் மூடியது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது கார் கொட்டகையில் இல்லை.

சரிவில் நின்றது. பத்தடி மேலே.

சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கற்கள் தள்ளிக் கிடந்தன. சரிவில் கார் கீழே உருளும்; மேலே எப்படிப் போகும்? யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்று ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். யாரும் அந்தப் பக்கமே வரவில்லையாம்.

காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சட்டங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் வெயிலில் காய்ந்த மரம்.

நனைந்த தோலின் வாடை அடித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சட்டங்களைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் கார் இல்லை. காரைக் கொட்டகைக்கே உருட்டி வந்து, பிரேக்கை இறுக்கி, சக்கரத்தைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டினேன்.

எட்டாம் நாள் உச்சி வேளையில் கமலாத்தாளுக்கு வலி கண்டது. மெத்தையோடு தூக்கி வந்து காரில் கிடத்தினார்கள். தாய் ராமாத்தாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கவுண்டர் என் பக்கத்தில் ஏறினார். சங்கிலியை அவிழ்த்து, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பி, முன் கியரைப் போட்டேன்.

எஞ்சின் உறுமியது.

கார் பின்னுக்கு நகர்ந்தது.

"என்னப்பா பண்றே?" என்றார் கவுண்டர்.

நான் ஒன்றும் பண்ணவில்லை. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். பிரேக் பிடித்தது, சக்கரம் நின்றது, கார் மட்டும் நிற்கவில்லை. சுழலாத சக்கரங்கள் மண்ணைக் கீறிக்கொண்டு சரிவில் ஏறின. எங்கோ ஒரு மர உருளை கிறீச்சிட்டது.

"ஏனுங்ண்ணா..." பின்னாலிருந்து கமலாத்தாள் முனகினாள். "ஆரு பாடறது?"

"யாரும் பாடலைம்மா" என்றேன்.

எனக்கும் கேட்டது. ஆண் குரல். ஒரே தாளத்தில், எருதோடு பின்னுக்கு நடக்கிறவன் பாடுகிற மாதிரி. காருக்கு அடியிலிருந்து வந்தது.

கவுண்டர் குதித்து இறங்கிப் பின்னால் ஓடித் தோள் கொடுத்தார். ஆட்கள் ஓடி வந்து தள்ளினார்கள். ஆறு பேரையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கார் ஏறியது. விளிம்பு நெருங்கியதும் விலகி, கூட்டின் பக்கக் கதவைத் திறக்கப் பார்த்தார்கள். நான் செப்பனிட்ட கதவு. அசையவில்லை.

விளிம்புக்கு மூன்று முழம்.

இரண்டு.

"நில்லு!"

கிணற்று விளிம்பில் குப்பண்ணன் நின்றிருந்தார். இரண்டு கையையும் விரித்து, கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கத்தினார். "மாரப்பா, போதும், நில்லு!"

கார் நின்றது.

பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது. கமலாத்தாளை இறக்கிச் சரிவிலேயே கிடத்தினார்கள். அதற்கு மேல் நேரமில்லை. பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடித்தார்கள். நான் காரிலிருந்து இறங்கிக் குப்புற விழுந்து கிடந்தேன். அழுகைச் சத்தம் கேட்டதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பெண் குழந்தை. உயிரோடு.

குப்பண்ணன் மட்டும் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். "சொல்லிட்டேன்டா, இன்னைக்குச் சொல்லிட்டேன்டா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டங்களை மறுநாளே கழற்றி, எடுத்த இடத்திலேயே நட்டேன். கோழி அறுத்துக் கும்பிட்டோம். பிறகு நல்ல மரம் வந்தது. கார் முன்னுக்கே ஓடியது. எந்தக் குறையும் இல்லை. குற்றம் என்னுடையது என்று கவுண்டர் காலில் விழுந்தேன். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

அடுத்த வருஷம் பங்குனியில் காருக்கு எண்ணெய் மாற்றப் போனேன். கமலாத்தாள் கொட்டகைக்கு வந்தாள். தூங்காத முகம்.

"குப்பண்ணன் தவறிப்போயி இன்னைக்குப் பதினாறு நாளுங்ண்ணா."

"கேள்விப்பட்டேம்மா."

"பாப்பா அவரு சொன்னா மட்டுந்தான் நிப்பா. நாங்க சொன்னாக் கேக்கறதில்ல. சித்த வந்து பாருங்க."

குழந்தை சரிவின் அடியில் நின்றிருந்தது. பதினான்கு மாதம். அப்போதுதான் நடை பழகுகிறது. எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தபடியே ஒரு கால் பின்னால் வைத்தது. இன்னொரு கால். தடுமாறவே இல்லை. முகம் எங்கள் பக்கம் இருக்க, முதுகு கிணற்றுப் பக்கமாக, மேட்டில் ஏறியது.

"நில்லு கண்ணு" என்றாள் தாய். பிறகு அலறினாள். "நில்லு!"

நிற்கவில்லை. கமலாத்தாள் ஓடிப்போய் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தது. தரையை விட்டு எடுத்த பிறகும் அதன் கால்கள் ஓயவில்லை. ஒன்று மாற்றி ஒன்றாக, வெறுங்காற்றில், பின்னுக்கு எட்டு வைத்துக்கொண்டே இருந்தன.