பட்டை அதிரவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு நிறைமதியின் கைப்பட்டை அதிர்ந்திருக்க வேண்டும். அதிரவில்லை. பத்து இருபத்து நாலுக்கு அவள் சமையலறை வாசலில் சரிந்தாள். பதினோரு நிமிடம் கைகால் வெட்டிக்கொண்டே இருந்தது. மாலையில் எழுந்து உட்கார்ந்தபோது ஏழுக்கு மேல் எண்ண வரவில்லை. முந்தின நாள் வரை நூறு சொன்ன பிள்ளை. வயது ஆறு.

அம்மா மிருதுளா வலிப்புக் கணக்கு நோட்டை எடுத்து, தேதியும் நேரமும் போட்டு எழுதினாள்: 'பட்டை அதிரவில்லை.' பதினான்கு மாதத்தில் இது ஏழாவது முறை.

பட்டைக்கு முன்னுணரி என்று பெயர். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகியதால் வலிப்போடு பிறந்த மூவாயிரம் குழந்தைகள் மாநிலத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். வலிப்பு வர நான்கு நிமிடம் இருக்கும்போதே அது அதிரும். பெற்றவர் கையில் கட்டிய துணைப்பட்டையும் கூடவே அதிரும். உடனே மூக்கில் மருந்து தெளிக்கும் தூவியை ஓர் அழுத்து அழுத்தினால் வலிப்பு வராமலே போய்விடும். வந்த பிறகு அழுத்தினால் பாதிப் பலன்கூட இல்லை. முன்னுணரி வந்த பிறகு இந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், ஊஞ்சல் ஆடினார்கள். அம்மாக்கள் கண்ணயர்ந்து தூங்கினார்கள்.

பட்டையைச் செய்த திருச்சி ஆய்வு நிலையத்திலிருந்து அவள் புகாருக்குப் பதில் வந்தது: 'வார் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கலாம்.' முந்தைய ஆறு முறையும் இதே வரிதான், ஒரு புள்ளி மாறாமல்.

"வார் தளர்வாமாங்க," என்று கணவனிடம் படித்துக் காட்டினாள்.

சபரீஷ் தாராபுரத்தில் மின்வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். "இருக்கும். நூத்திப் பத்து தடவைக்கு மேல சொல்லிருக்குது, ஏழு தடவை சொல்லலை. எம் பட்டறைல எந்த மெஷின் இவ்வளவு ஒழுங்கா ஓடுது? பால்ல தண்ணி தேடற மாதிரி எல்லாத்துலயும் தேடாத மிருது."

பாலில் தண்ணீர் தேடுவதுதான் அவள் வேலை. கூட்டுறவுச் சங்கத்தில் பால் பரிசோதகர். அவள் இப்போது தேடியதற்குக் காரணமும் இருந்தது. அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி கோவையில் அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன். பத்து நாள் வீட்டில் இருக்க மாட்டாள். துணைப்பட்டை சபரீஷ் கைக்குப் போகும். எட்டாவது முறை பட்டை பேசாமல் இருந்தால் பிள்ளைக்கு ஏழு வரை எண்ணுவதும் மிஞ்சுமோ என்னவோ.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பினாள். பட்டை தவறிய ஏழு தேதியும் ஒரே மாதிரியான பக்கங்களில் இருந்தன. மூன்று நாள், நான்கு நாள் விவரத்தை ஒரே மூச்சில் எழுதிய பக்கங்கள். ஒரே மை, ஒரே சாய்வு. பட்டைதான் இருக்கிறதே என்று நோட்டை மறந்து அவள் நிம்மதியாக இருந்த நாட்கள் அவை. அன்றன்று உட்கார்ந்து எழுதிய பக்கங்களில் ஒரு தவறுகூட இல்லை.

சங்கத்தில் இது பழகிய சங்கதி. பரிசோதகர் லீவு போடும் நாளில்தான் பால் நீர்த்து வரும். ஆனால் அங்கே அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது பால்காரர். இங்கே யார்?

சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தாள். துணைப்பட்டையைக் கழற்றிக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். சங்கத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுப் பிள்ளையின் எதிரிலேயே உட்கார்ந்தாள். அந்த வாரம் காய்ச்சல் வேறு. நான்கு முறை வலிப்பு வரப் பார்த்தது. கைப்பட்டை அதிர்ந்தது ஒரே முறை. மற்ற மூன்றுக்கும் அவளே பார்த்துத் தூவி அடித்தாள். எதைப் பார்த்து என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினாள்.

முன்னுணரியை உருவாக்கிய குழுவின் தலைவர் டாக்டர் ஹெப்சிபா. நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்துவிட்டு, "வாரை ஒரு துளை இறுக்கி..." என்று ஆரம்பித்தார்.

"துணைப்பட்டையை ஆணியில மாட்டின வாரம் மூணைச் சொல்லலை. ஆணிக்கு நாடி கிடையாதுங்க டாக்டர். அதனாலதானே அது சொல்லலை?"

ஹெப்சிபா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பட்டையை இயக்கறது ஒரு கற்பொறி, தானாவே கத்துக்கற மெஷின். அதுக்குப் பிள்ளையோட மூளை அலை, வியர்வை, நாடி எல்லாம் கொடுத்தோம். துணைப்பட்டை கையிலதான் இருக்கான்னு பாக்கறதுக்காக அம்மாவோட நாடியும் உள்ள போய்க்கிட்டிருந்தது. அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. கடைசில பாத்தா அதுக்கு எல்லாத்தையும் விட உதவினது அம்மா நாடிதான். வலிப்புக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி உங்க நாடி ஏறுது. பிள்ளை முகத்துல எதையோ பாக்கறீங்க. என்னன்னு உங்களுக்கே தெரியாது."

"நான் சொல்றதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்லுதுங்களா?"

"பெரும்பாலும். நீங்க கவனிச்சுக்கிட்டிருந்தா துணைப்பட்டைல பச்சை விளக்கு எரியும். இல்லாட்டி மஞ்சள். 'பச்சை என்றால் இணைப்பு நன்று'ன்னு கையேட்டுல எழுதிட்டோம்."

"நான் அசந்தா அதுக்குக் கண்ணு மங்கிடுது. சரி. ஆனா அசந்திருந்த நாள்லயும் பாதிக்கு மேல சொல்லியிருக்குங்களே. அசந்து பத்து நாள் ஆனப்புறம் கணக்கா ஒண்ணை விடுது. மறுநாள்லருந்து ஒழுங்காயிடுது. தெரியாம விட்ட மாதிரி இல்லீங்க."

ஹெப்சிபா நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

"தெரிஞ்சுதான் விடுது. ஒரு வருஷத்துல எவ்வளவு வலிப்பைத் தடுக்க முடியுமோ அவ்வளவு தடுன்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லியிருந்தோம். ஒருதரம் பேசாம இருந்தா அம்மா ரெண்டு மாசம் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாங்கன்னு அதுவா கத்துக்கிட்டது. ஒண்ணை விட்டு இருபதைப் பிடிக்குது. யாரும் சொல்லித் தரலை."

"தெரிஞ்சப்புறமாவது நிறுத்தினீங்களா?"

"நாப்பது பிள்ளைங்களுக்கு நிறுத்திப் பாத்தோம். மூணே மாசத்துல வலிப்பு ரெண்டு மடங்காச்சு. மறுபடி விட்டுட்டோம்."

"எங்ககிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"அஞ்சு பேர்கிட்ட சொன்னோம். ரெண்டு பேர் பட்டையைக் கழட்டி வீசிட்டாங்க. மூணு பேருக்குப் பயத்துல நாடி எப்பவும் நூறுலயே நிக்குது. கற்பொறிக்கு எதையும் பிரிச்சுப் பாக்க முடியலை."

"எம் பிள்ளை ஏழோட நிக்கறா டாக்டர்."

"தெரியும்," என்றார் ஹெப்சிபா. மேசையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பத்தொம்பதாம் தேதி இதை எங்க வீட்டுக்காரர் கையில கட்டணும். அவருக்குப் பட்டைன்னா சாமி மாதிரி. ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை."

"அப்ப அவருக்குப் பத்து நாளெல்லாம் ஆகாது. நாலஞ்சு நாள்லயே ஒண்ணை விடும்."

ஊர் திரும்பியதும் மிருதுளா சபரீஷிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்மளையும் சேத்துல்ல பாத்துக்குது! இதுக்குப் போயி மூஞ்சியை இப்படி வெச்சிருக்கறயே."

அந்த வாரமே மாத அறிக்கையும் வந்து சேர்ந்தது: 'கடந்த முப்பது நாள் வலிப்பில்லை. நூறு விழுக்காடு. வாழ்த்துகள்.' நிறைமதி விழுந்த செவ்வாய் அதற்கு முந்தையது; துணைப்பட்டை ஆணியில் தொங்கிய வாரம் அதற்குள் அடக்கம். சபரீஷ் அதைக் காந்தம் வைத்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினான். ஒத்திகைக்காக மாலையில் மட்டும் துணைப்பட்டையை அவன் கையில் கட்டிப் பார்த்தாள். விளக்கு மஞ்சளாகவே எரிந்தது. அவன் டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை பக்கத்திலேயே படம் வரைந்துகொண்டிருந்தாள்.

பதினேழாம் தேதி மாலை மிருதுளா நோட்டை எடுத்தாள். நடக்காத ஒன்றை அதில் அவள் எழுதியதே இல்லை. சங்கத்திலும் அப்படித்தான், பால்மானி காட்டியதை மாற்றி எழுதச் சொல்லி உறவுக்காரரே வந்து நின்றபோதும் எழுதவில்லை. இப்போது எழுதினாள்:

'பதினாறாம் தேதி, காலை 9:50. பட்டை அதிரவில்லை. நானே பார்த்துத் தூவி அடித்தேன்.'

நோட்டைச் சாப்பாட்டு மேசையில் திறந்தபடியே வைத்தாள்.

சபரீஷ் தட்டை நகர்த்திவிட்டுப் படித்தான். "இதெப்ப?"

"நேத்து. நீங்க பட்டறைக்குப் போனப்புறம்."

"நிசமாவா? நூறுன்னு போட்டிருக்கானே."

"எழுதியிருக்குதில்லீங்க?"

அவன் சாதத்தில் கை வைக்கவில்லை. "அம்முணி, இங்க வா. அப்பா மூஞ்சியப் பாரு," என்று பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, இமை, உதடு, விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். "என்னப்பா, எறும்பு கடிச்சிருக்கா?" என்று அவள் சிரித்தாள். அவன் கையில் விளக்கு பச்சையானது.

கற்பொறி செய்வதைத்தான் தானும் செய்திருக்கிறோம் என்று மிருதுளாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிள்ளை விழ வேண்டியிருந்தது, தனக்கு ஒரு பேனா போதுமாயிருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள்.

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்ட பத்து நாளும் போனில் சபரீஷிடம் ஒரே பதில்தான். "வந்துச்சு. புடிச்சுட்டேன். நீ தூங்கு."

இருபத்தொன்பதாம் தேதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வீட்டுக்குள் வந்ததும் அவள் முதலில் கேட்டது நோட்டைத்தான். சபரீஷின் கோணல் எழுத்து, ஒரு நாள்கூட விடாமல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

'இருபத்தேழாம் தேதி, காலை 11:15. பட்டை அதிரவில்லை. நானே பார்த்துத் தூவி அடித்தேன்.'

"இதைப் போன்ல சொல்லலையே. நிசமாவாங்க?"

அவன் குனிந்து அவள் கையில் துணைப்பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். "எழுதியிருக்குதில்ல?"

மிருதுளா பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அன்றைக்கே எழுதியதா, தான் வருவதற்குச் சற்று முன் எழுதியதா என்று மையை வைத்துச் சொல்ல முடியவில்லை. பட்டை உண்மையிலேயே தவறியதா, இல்லை தான் செய்ததைக் கண்டுபிடித்து அதையே தனக்குச் செய்கிறானா என்று அவன் முகத்தை வைத்தும் சொல்ல முடியவில்லை.

"மதி, இங்க வா கண்ணு. எண்ணு பாக்கலாம்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஏழு வந்ததும் பிள்ளை நின்று அம்மாவின் வாயைப் பார்த்தது. அவள் கோவைக்குப் போகும்போதும் ஏழுதான். அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

அவள் மகளின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் விளக்கு பச்சைக்கு மாறியது. சபரீஷ் அதைப் பார்த்தான். வார் இறுக்கமாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான்.