பெட்டிக்குத் தெரிந்த முகம்

வாசல் கதவின் பூட்டு, யாரும் தொடாமலேயே, ஒருமுறை திறந்து மூடிக்கொண்டது.

சத்தம் ஒன்றும் பெரிதில்லை. யாரோ நாக்கால் 'ச்சு' கொட்டியதைப் போல. மற்ற நாளாக இருந்தால் அவள் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் காலையில் தங்கை வந்து சேர்ந்ததிலிருந்து அந்தக் கதவுதான் அவளுக்கு உலகம். உள்ளறையில் தங்கை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறாள். அவள் கழுத்தைச் சுற்றி விரல் விரலாக நீலம் பாரித்திருக்கிறது. வெளியே எங்கேயோ தங்கையின் புருஷன் இருக்கிறான். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

அவள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். தெருவில் அவளுக்கு 'சிப்பு டாக்டர்' என்று பெயர். மாடி வீட்டின் கூடத்தையே பட்டறையாக்கி, செத்த பலகைகளுக்கும் அறுந்த கம்பிகளுக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிறாள். கீழ்வீட்டு அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. மேலே ஒரு ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்தால் போதும், கீழே துடைப்பக் கட்டையால் கூரையில் டொக் டொக் என்று இடித்துவிடுவார். இன்று காலை தங்கையின் பை நழுவி விழுந்தபோதும் இடித்தார்.

அந்தச் சத்தத்தில் தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு தெளிந்தாள். "நீ கொடுத்து வச்சவக்கா. உன் வீட்டுச் சத்தம் கேக்குறதுக்கு ஒரு ஆள் இருக்கு."

"அந்தம்மா தொல்லை உனக்குத் தெரியாது."

"எங்க வீட்டுல அவரு சாயங்காலம் உள்ளே வந்ததும் பூட்டு விழும். விளக்கு மங்கலாகும். பாட்டு வரும், சத்தமா. எல்லாம் அந்தப் பெட்டியில சொல்லி வச்சிருக்காரு. அதுக்கப்புறம் நான் எவ்வளவு கத்தினாலும்..." தங்கை கழுத்தைத் தடவிக்கொண்டாள். "பக்கத்து வீட்டுல சொல்வாங்க, உங்க வீட்டுல எப்பவும் பாட்டும் கூத்தும்தான்னு."

அந்தப் பெட்டிக்கு அச்சு அசலாக ஒன்று இங்கே அவள் பட்டறை மேசையிலும் இருந்தது. அரைச் செங்கல் அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், கனத்த அலுமினிய உடம்பு. பூட்டு, விளக்கு, வாசல் கேமரா, பாட்டு எல்லாம் அதன் பொறுப்பு. வாங்கித் தந்தவன் சாட்சாத் அதே புருஷன்தான். கல்யாணமான புதிதில் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, "தனியா இருக்கீங்கக்கா, பத்திரமா இருக்கணும்ல" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து தானே மாட்டிவிட்டான். இனி இதெல்லாம் எதற்கு என்று கதவின் பழைய தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்ததும் அவன்தான். அப்போது அவனைப் போல நல்ல பிள்ளை உண்டா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நினைத்தால் இப்போது அவளுக்கு வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பூட்டு மறுபடி 'ச்சு' என்றது. அவள் எழுந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். பூட்டு தானாகத் திறப்பது பழைய ஃபர்ம்வேரின் கோளாறு, புதியதை ஏற்றினால் சரியாகிவிடும் என்று பெட்டி செய்த நிறுவனம் அறிவித்து வாரக்கணக்காகிறது. அவள்தான் ஏற்றாமல் விட்டிருந்தாள். பெட்டி கண் விழித்ததும் தான் யார், தன் வேலை என்ன என்று முதலில் படித்துக்கொள்வது அந்த ஃபர்ம்வேரைத்தான். சின்னஞ்சிறு சிப் ஒன்றில் அது எழுதியிருக்கும். அதை மாற்றும் நேரத்தில் கரண்ட் போனால் பெட்டி பிணம். அதனால் யு.பி.எஸ். இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், பழையதை நகல் எடுத்து வைக்காமல் கையே வைக்காதீர்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் ஓதுவாள். இன்று யு.பி.எஸ். பேட்டரி உப்பிப்போய் மூலையில் கிடந்தது. நகல் எடுக்கப் பொறுமை இல்லை. திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. பூட்டு தன்னைச் சோதித்துக்கொள்ளத் திறந்து நின்றது.

கோடு பாதி தாண்டியபோது குளியலறையில் தங்கை வெந்நீர் சுவிட்சைத் தட்டினாள். வந்ததிலிருந்து அவள் படுப்பதும் எழுந்து போய்க் குளிப்பதுமாகவே இருக்கிறாள்.

டப். வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று.

லோடு தாங்காமல் விழுந்திருந்த மெயின் சுவிட்சை மேலே தள்ளியதும் விளக்குகள் வந்தன, பெட்டி வரவில்லை. அதன் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. பூட்டு திறந்த நிலையிலேயே உறைந்துவிட்டது. பித்தளை நாக்கு உள்ளே போய்விட்ட அந்தக் கதவை விரல் நுனியால் தள்ளினாலே திறக்கும். அவள் ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். கீழே துடைப்பம் இடித்தது.

மீட்பதற்கு முதல் வழி பென் டிரைவ். நிறுவனத்தின் கோப்பைப் போட்டுச் செருகி, பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுத்தாள். பென் டிரைவின் கண் ஒருமுறை சிமிட்டியது, அவ்வளவுதான். சிப் அடியோடு அழிந்திருந்தது. இனி மிச்சமிருப்பது ஒரே வழி. இதே மாடல் பெட்டி ஒன்றின் சிப்பைக் கிளிப் போட்டு முழுசாக நகல் எடுத்து இதில் எழுத வேண்டும்.

"உன் பெட்டியைக் கொண்டு வந்திருக்கேன்னு சொன்னியே. அதைக் கொடுடி."

ஈரத் தலையோடு வந்து நின்ற தங்கை அசையவில்லை. "அதைத் தொடாதேக்கா."

"உடைச்சிட மாட்டேன். நகல்தான் எடுக்கப் போறேன்."

"அதுல எல்லாம் பதிவாகியிருக்குக்கா. அதான் பிடுங்கி எடுத்துட்டு வந்தேன்."

"அவன் உன்னை அடிச்சதுதானே? இருக்கட்டும், போலீஸுக்கு ஆகும். இப்போ கதவு திறந்து கிடக்கு. அவன் வந்து நின்னா என்ன பண்ணுவே?"

தங்கை லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "அவரு வர மாட்டாருக்கா."

வீராப்பு என்று நினைத்துக்கொண்டு அவளே போய்ப் பையைத் திறந்தாள். பெட்டி ஈரத் துண்டில் சுற்றியிருந்தது. ஒரு மூலை நன்றாக நசுங்கியிருந்தது. கீழே விழுந்துவிட்டது என்றாள் தங்கை. மூடியைக் கழற்றினால் விசிறி முழுக்க முடி. விசிறியில் முடி சிக்குவது அவள் தினமும் பார்க்கிற சங்கதிதான். ஆனால் இது குட்டை முடி, கொத்தாக ஒட்டியிருந்தது. பலகையிலும் ஏதோ பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பஞ்சு சிவந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியிலிருந்து துருப்பிடித்த குழாயின் வாசனை ஒன்று கிளம்பி மூக்கில் ஏறியது.

"காபி கொட்டிடுச்சு" என்றாள் தங்கை.

காபி இப்படிச் சிவக்காது. ஆனாலும் கதவு திறந்து கிடந்தது, வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. காபி என்றால் காபி என்று வைத்துக்கொண்டாள்.

எட்டுக்கால் சிப்பைக் கிளிப் கவ்வியது. லேப்டாப்பில் நகல் இறங்கியது. இருமுறை படித்து ஒப்பிட்டாள், பொருந்தியது. இனி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நகலின் ஒரு மூலையில் அந்தப் பெட்டியின் அடையாள எண் இருக்கும். யாருடைய பெட்டி, யாருடைய முகம், யாருடைய கைரேகை என்று பெட்டி நெட் வழியாக நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது அந்த எண்ணை வைத்துத்தான். அதை எடுத்துவிட்டுத் தன் பெட்டியின் எண்ணைப் போட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் ஒருமுறையாவது நினைக்கிறதையே அவளும் நினைத்தாள். முதலில் உயிர் வரட்டும், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நெட்வொர்க் கம்பியைக்கூட அவள் பிடுங்கவில்லை.

எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தினாள். விசிறி முனகியது, தயங்கியது, பிறகு ஒரே சீராகப் பாட ஆரம்பித்தது. வாசலில் பித்தளை நாக்கு கடக்கென்று வெளியே வந்து கதவைக் கவ்வியது. அப்பாடா! அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாற்காலியை எடுத்துப் போட்டு அதிலேயே சாய்ந்தாள்.

விளக்குகள் மெதுவாக மங்கின.

வெள்ளை வெளிச்சம் வடிந்து, கூடம் முழுக்க அழுக்கு மஞ்சளாக ஆயிற்று. மேசைக்கு அடியிலிருந்து நிழல்கள் நீண்டு சுவரில் ஏறின. அவள் அப்படி ஒரு வெளிச்சத்தை வைத்ததே இல்லை.

தங்கை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அக்கா. இது எங்க வீட்டு வெளிச்சம்."

பெட்டி பேசியது. மரியாதை தவறாத, இழைந்த ஒரு பெண் குரல். "வீட்டு அமைப்புகள் மீட்கப்பட்டன. உரிமையாளர் வந்துகொண்டிருக்கிறார்."

அவளுக்கு எண்ணை மாற்றாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெட்டி இப்போது தன்னை அவன் வீட்டுப் பெட்டியாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அவன் முகத்துக்குத் திறக்கும், அவன் விரலுக்குத் திறக்கும். அவன் ஃபோனில் இந்நேரம் செய்தி போயிருக்கும். "அவனுக்கு இடம் தெரிஞ்சுபோச்சுடி! எழுந்திரு, பின்பக்கமா..."

"பின்பக்கம் ஏதுக்கா உன் வீட்டுல."

"அவன் வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லுதே!"

"அவரால வர முடியாது." தங்கையின் குரல் மரத்துப்போயிருந்தது. "கழுத்தைப் பிடிச்சு சுவத்துல வச்சு அழுத்தினாரு. கைக்கு அந்தப் பெட்டி அம்பிட்டுச்சு. ஒரே ஒரு அடிதான்னு நினைச்சேன். விழுந்தாரு. எழுந்தா என்னைக் கொன்னுடுவாருன்னு பயமா இருந்துச்சு. அதனால அடிச்சேன். அசையுற வரைக்கும் அடிச்சேன். அசைவு நின்னப்புறமும் அடிச்சேன். முகமே இல்லைக்கா. குளியலறையில இழுத்துப் போட்டு, ரத்தம் போகட்டும்னு குழாயைத் திறந்து விட்டுட்டு வந்தேன்."

கேட்டவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் பழுப்பு இருந்தது. வாய்க்குள் அந்தக் குழாய் வாசனை வந்து நிறைந்தது. அவள் தங்கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கொலைகாரிதான், ஆனாலும் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த நடுங்கும் முதுகைத் தடவும்போதே ஒரு கேவலமான நிம்மதி அவளுக்குள் எழுந்தது. செத்துப்போனவன் எப்படி வருவான்?

படிக்கட்டில் சத்தம் கேட்டது.

ஈரச் சத்தம். தண்ணீர் கோத்துக்கொண்ட செருப்பு படிக்குப் படி பிதுங்கும் சத்தம். ஒரு கால் மிதித்தது. மற்றது இழுபட்டது.

"உரிமையாளர் வாசலில்" என்றது பெட்டி.

திரையில் வாசல் கேமரா விரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சட்டை. சொட்டச் சொட்ட நனைந்த சட்டை. முகத்தைத் தேடும் பச்சைச் சதுரம் கழுத்துக்கு மேலே போய் நின்றது. விலகியது. மறுபடி தேடியது. அங்கே கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். பெட்டியின் மூலை அளவில். அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

"முகம் முழுமையாக இல்லை" என்றது குரல், வருத்தமாக. "தயவுசெய்து விரலை வைக்கவும்."

அவள் பாய்ந்தாள். கரண்ட் கம்பியைப் பிடுங்கினாள். நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினாள். இரண்டும் அவள் கையில் தொங்கின.

விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

"நன்றி" என்றது பெட்டி.

ச்சு.

கதவுக்கு அடியில் முதலில் தண்ணீர் வந்தது. இளஞ்சிவப்புத் தண்ணீர். பிறகு கதவு திறந்தது. உள்ளே வந்தான். கதவு மூடியது. பித்தளை நாக்கு கடக்கென்று விழுந்தது.

பாட்டு ஆரம்பித்தது.

அவள் கேட்டதில் எல்லாம் பெரிய சத்தம். சுவர் அதிர்ந்தது. மேசையில் ஸ்க்ரூக்கள் குதித்தன. "காப்பாத்துங்க! கீழ யாராவது!" தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரல் அவள் காதிலேயே விழவில்லை.

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை அவனிடம். மேசையைத் தடவினான். நனைந்து ஊறிய விரல்கள் நசுங்கிய பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்தன. மறு கை தங்கையின் கழுத்துக்குப் போனது. நீலம் பாரித்த இடங்களில் விரல் விரலாகப் பொருந்தி உட்கார்ந்தது.

அவள் அவன் முதுகில் தொங்கினாள். கடித்தாள். வாயில் குளிர்ந்த தண்ணீர்தான் வந்தது. அவன் உதறியதில் சுவரில் மோதி விழுந்தாள். கால் நகரவில்லை.

தங்கையின் வாய் 'அக்கா' என்று திறந்தது.

பெட்டி உயர்ந்தது. இறங்கியது.

தரை அதிர்ந்தது. உடனே கீழேயிருந்து துடைப்பக் கட்டை கூரையை இடித்தது. டொக் டொக்.

பெட்டி மறுபடி உயர்ந்தது.

டொக் டொக்.

மறுபடி.

டொக் டொக் டொக்.