லாமினேஷன் ஆகாத பத்திரம்

உலகத்தார் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: பாளையங்கோட்டை சத்தியநேசனின் மூத்த மகள் ஹெப்சி, மேற்படிப்புக்காக வெகுதூரம் செல்லவிருக்கிறாள். மதுரைக்கு.

அறிவித்தவர் தேவமணி மாமா. நாற்காலியை விட்டு எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். கேட்டவர்கள் அப்பா, அம்மா, ஹெப்சி, பத்து வயது டார்லின். எல்லோருக்கும் விஷயம் முன்பே தெரியும்.

டார்லினுக்குக் கை தட்டத் தோன்றவில்லை. அவளும் அக்காவும் ஒரே கட்டிலில் படுப்பார்கள். சுவர் பக்கம் அக்கா, ஓரத்தில் இவள். தினமும் அக்கா கதை சொல்வாள். இனி யார் சொல்வார்கள்?

"கட்டணத்தில நம்ம பங்கைக் கட்டினா, மீதியை பேங்க்ல கல்விக்கடனா தாராங்க. நம்ம பங்குக்கு தபாலாபீஸ் சேமிப்புப் பத்திரம் இருக்கு" என்றார் அப்பா. டார்லின் பிறந்த வருஷம், இரண்டு மகள்கள் பேரிலும் ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்.

"அதைக் காப்பாத்தி வச்சது யாரு?" என்று மாமா ஹெப்சியின் பத்திரத்தை உயர்த்திக் காட்டினார். அது பளபளத்தது. மாமா லாமினேஷன் மிஷின் வாங்கியதிலிருந்து, கண்ணில் பட்ட காகிதத்தையெல்லாம் பிளாஸ்டிக்கில் மூடிவந்தார். அல்வாக் கடை ரசீதுகூடத் தப்பவில்லை.

மறுநாள் எல்லோரும் தபாலாபீஸ் போனார்கள்.

"பின்பக்கம் கையெழுத்துப் போடுங்க, அண்ணாச்சி" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

அப்பா போட்டார். பேனா வழுக்கியது.

"இதுல தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது!" என்றார் மாமா பெருமையாக.

"தண்ணி படாது, சரி. மையும் படலையே!"

"பிளாஸ்டிக்கை உரிச்சிட்டா?" என்று கேட்டார் அப்பா.

"காகிதமும் கூடவே வந்துரும். நகல் பத்திரத்துக்கு எழுதிக் குடுங்க. வர மாசக்கணக்கா ஆகும்."

கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹெப்சி பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். டார்லினின் மனசு ஒரு குதி குதித்தது. அக்கா போகமாட்டாள்!

"அக்கா, கதை சொல்லு" என்றாள், ராத்திரி படுத்ததும்.

"நாளைக்குச் சொல்லுதேன்."

ஹெப்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. பக்கத்தில்தான் படுத்திருந்தாள். ஆனால் அக்காவைக் காணோம்.

டார்லின் எழுந்து கூடத்துக்குப் போனாள்.

"மாமா, என் பத்திரத்தையும் லாமினேஷன் செஞ்சீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார். "சின்னவளோடதுதானே, பைய செய்யலாம்னு விட்டுட்டேன்."

"அப்ப அதைக் குடுத்து அக்காவுக்குக் கட்டலாமே!"

"ஏட்டி, அது உன் படிப்புக்குல்லா!" என்றார் அப்பா.

"நான் இன்னும் அஞ்சாம் வகுப்பே முடிக்கலப்பா. நகல் வந்ததும் அதை எனக்கு வச்சுக்கிடுதேன்."

அப்பா அவளை அருகில் இழுத்துக்கொண்டார். "அக்கா போயிருவாளே, பரவாயில்லையா?"

டார்லின் சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இந்த முறை பேனா வழுக்கவில்லை. கட்டணமும் கட்டியாயிற்று, கடனும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை புது பஸ் ஸ்டாண்டில் மாமா கண்ணை மூடி, வழியனுப்பு ஜெபம் தொடங்கினார். மதுரை பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. "ஆமென்" என்று அம்மாவே முடித்துவைத்தாள். மூன்றாவது பஸ்ஸில் ஹெப்சி ஏறினாள். ஜன்னல் வழியே நீண்ட அக்காவின் கையை, பஸ் நகரும்வரை டார்லின் விடவில்லை.

அன்று முதல் கட்டில் முழுக்க டார்லினுக்குத்தான். அவள் ஓரத்திலேயே படுத்தாள். கதையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பாதிக்கு மேல் வரவில்லை. அக்காவை மறுபடி எந்தக் காலத்தில் பார்க்கப்போகிறோமோ என்று தலையணை நனைய அழுதாள்.

சனிக்கிழமை காலையில் ஹெப்சி ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்து நின்றாள்.