வெறும் அறையின் பத்து விநாடி

ஃப்ரிட்ஜ் நின்றுபோனது அழகியநம்பிக்கு முதலில் நல்ல சேதியாகத்தான் பட்டது. காலையிலிருந்து ஹாலின் மூலையில் உர்ரென்று முனகிக்கொண்டிருந்த சாமான் அது. மைக்குக்கு முன்னால் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அதைவிடப் பெரிய விரோதி வேறு கிடையாது. முனகல் அடங்கியதும் அறைக்குள் மழைக்கால மத்தியானத்தின் ஈர வாசனையும் கிட்டார் மரத்தின் வாசனையும் மட்டும் மிஞ்சின. அந்த அமைதியை வீணாக்காமல் இரண்டு தடவை வாசித்தான். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது, ஆனால் குளிர் இல்லை. ஐஸ் தட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தான். மோட்டார் அசையவில்லை. வோல்டேஜ் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக் கதவைச் சாத்தினான்.

அன்றைக்கு ஹர்த்தால். முந்தின ராத்திரி டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது திருவனந்தபுரத்திலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். கழக்கூட்டம் பகுதியில் பைபாஸை ஒட்டிய சந்தில் மாடி வீடு. எந்நேரமும் லாரி போகும், ஜன்னல் கம்பி அதிரும். வீட்டில் உட்கார்ந்து பாட்டு ரெக்கார்ட் செய்கிறவனுக்கு இந்த ஊரில் கடவுள் கொடுத்த ஒரே ஸ்டுடியோ ஹர்த்தால் நாள்தான் என்று அவனுடைய ஆபீஸ் நண்பன் ஷிபின் சொல்லுவான். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறுவரை ஒரு ஹார்ன் கிடையாது. ஊர் முழுக்கக் கடையடைத்துத் திட்டிக்கொண்டிருக்க, இவன் மைக் ஸ்டாண்டை அங்கே இங்கே நகர்த்திக்கொண்டிருந்தான்.

மூன்று மாதமாக அவன் கிட்டார் வாசித்ததைவிட, கிட்டாரின் ஓசையைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் பெட்டியைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று அதற்குப் பெயர். ஒரு மைக் செருகினால் போதுமா, இரண்டு வேண்டுமா, வாசித்தது காதுக்குத் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆகும் என்று தினமும் ஒரு விசாரணை. “என்னய பொண்ணு பாக்க வந்தப்போ இதுல பாதி கேள்விகூட கேக்கல்லியே” என்று அவன் மனைவி திவ்யலட்சுமி சொல்லிக்காட்டினாள். கடைசியில் இரண்டு மைக் செருகும் பெட்டி வந்தது. சாஃப்ட்வேரில் இன்னும் மோசம். நாலை இறக்கி மூன்றை அழித்தான். இரைச்சலை நீக்குவதற்கென்று தனியாக ஒரு சின்ன சாஃப்ட்வேரை ஷிபின் அனுப்பியிருந்தான். அதைச் செய்தது யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று அழகியநம்பி அதையும் போட்டுக்கொண்டான்.

இத்தனையும் ஆறு மாதக் குழந்தை ஆர்யாவுக்காக. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கோயிலில் சோறூட்டு. அந்த வீடியோவுக்குப் பின்னால் ஏதாவது சினிமாப் பாட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். தன் பிள்ளை முதல் சோறு தின்னும்போது தன் கிட்டார்தான் கேட்க வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம்.

அந்த சாஃப்ட்வேரின் வேலை எளிது. முதலில் எதுவும் வாசிக்காமல் வெறும் அறையைப் பத்து விநாடி ரெக்கார்ட் செய்து அதற்குக் கொடுக்க வேண்டும். இதுதான் இரைச்சல் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு திரையில் ஒரு குமிழை வலப்பக்கம் நகர்த்தினால், அந்தப் பத்து விநாடியில் எதெல்லாம் இருந்ததோ அதையெல்லாம் பாட்டிலிருந்து கழித்துவிடும். உரத்தது முதலில் போகும், மெல்லியது கடைசியில். திவ்யா ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஹர்த்தாலானாலும் அவளுக்கு டியூட்டி உண்டு, காலையிலேயே ஆஸ்பத்திரி வண்டியில் போய்விட்டாள். மத்தியானப் பாலைக் குடித்து ஆர்யா உள்ளறையில் உறங்கியதும் நம்பி ஃபேனை அணைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். ரெக்கார்டிங்கில் தன் மூச்சு விழுந்துவிடக் கூடாது என்பது ஷிபின் சொல்லிக்கொடுத்த பாடம். பத்து விநாடி எடுத்தான்.

முதலில், காலையில் வாசித்திருந்த பாட்டில் குமிழை இருபதில் வைத்துச் சேவ் செய்தான். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் நின்றது. ஹெட்ஃபோனில் கேட்டால் இன்னும் அடியில் ஒரு கனத்த ரீங்காரம். நாற்பதுக்கு நகர்த்தினான்.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு ஓமனாக்கா படியில் நின்று கூப்பிட்டாள். வீட்டுக்காரி, பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்.

“நம்பி மோனே, மேல கரன்ட் உண்டா? தண்ணி மோட்டர் ஓடிட்டே இருந்தது, சட்டுனு நின்னு போச்சு.”

“கரன்ட் இருக்கு அக்கா. எங்க ஃப்ரிட்ஜும் போயிட்டு. வோல்டேஜா இருக்கும்.”

“ஹர்த்தால் அல்லே, இனி நாளைக்குத்தான் ஆள் வரும்” என்று அலுத்துக்கொண்டு அவள் போனாள்.

அவன் மறுபடி ஹெட்ஃபோனை மாட்டினான். ரீங்காரம் போய்விட்டது. ஆனால் கிட்டாரின் சுரம் ஓயும் இடங்களில் கரகரவென்று ஏதோ ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அறுபது. அது துண்டாக நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் தாழ்ந்து, மூன்று மணிக்கே சந்து இருண்டு கிடந்தது. ஒரு காக்கை இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. இவ்வளவு அமைதிக்கு எதற்கு ஆசைப்பட்டோம் என்று முதன்முதலாகத் தோன்றியது.

ஓமனாக்கா மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் மேலே ஏறி வாசல்வரை வந்துவிட்டாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

“டோமி எழும்பல்ல மோனே. படிக்குக் கீழ குறட்டை விட்டு ஒறங்கிட்டு கிடந்தது. சோறு வச்சு விளிச்சா... மூச்சே இல்ல.”

வயதான நாய். பதிமூன்று வயது. அவன் அதைத்தான் சொன்னான். அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். பாவமாக இருந்தது. ஆனாலும் ஆறு மணிக்குள் முடிக்க வேண்டுமே என்ற அவசரம் அவனை நாற்காலிக்கே இழுத்தது. இன்னும் மெல்லியதாக டிக் டிக்கென்று ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. எண்பதுக்கு நகர்த்திச் சேவ் செய்தான்.

எல்லாம் அடங்கியது. கிட்டார் மட்டும், கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் போலச் சுத்தமாக ஒலித்தது. நம்பி சிரித்தபடி ஹெட்ஃபோனைக் கழற்றினான். சுவர்க் கடிகாரம் மூன்று பத்தில் நின்றிருந்தது.

சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று நின்றால் தற்செயல் என்பான். இரண்டு நின்றால் சந்தேகப்படுவான். நாலு நின்றால் வரிசை தேடுவான். ஃப்ரிட்ஜ். மோட்டார். நாய். கடிகாரம். உரத்தது முதலில், மெல்லியது கடைசியில். பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே அந்த சாஃப்ட்வேரில் நீக்கியதை மட்டும் கேட்பதற்கென்று இருந்த பட்டனை அழுத்தினான்.

ஃப்ரிட்ஜின் முனகல் வந்தது. மோட்டாரின் ரீங்காரம். நாயின் குறட்டை. கடிகாரம். நாலும் இருந்தன. அவற்றுக்கு அடியிலும் ஏதோ இருந்தது. ஒலியைக் கூட்டினான். ஈரமான, மிகச் சிறிய ஓசை. உள்ளே போய் வெளியே வருவது. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

அவனாக இருக்க முடியாது. அவன்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தானே.

உள்ளறைக்கு ஓடினான். ஆர்யா மல்லாந்து கிடந்தாள். பால் வாசனை. நெஞ்சு மெல்ல எழுந்தது, அமர்ந்தது. அவன் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. இன்னும் காத்திருந்தான். பிறகு ஒரு நூலளவு எழுந்து அமர்ந்தது.

“ஆரி... ஆரிக்குட்டி... எழும்பு மக்கா.”

தட்டினான். தூக்கினான். உள்ளங்காலைச் சுண்டினான். முகத்தில் தண்ணீர் தெளித்தான். கழுத்து துவண்டது. கண் திறக்கவில்லை. எண்பது கழித்தாகிவிட்டது, மிச்சம் இருபது என்று மனத்துக்குள் கணக்கு ஓடியது.

திவ்யாவுக்கு போன் செய்தான். “பிள்ள எழும்ப மாட்டேங்குது... மூச்சு சரியா இல்ல...”

அவள் அலறவில்லை. “ஆம்புலன்ஸ்லே நானே வாறேன். ரோடு காலியாத்தான் கெடக்கு. பத்து நிமிஷம். நெஞ்சப் பாத்துக்கிட்டே இருங்க” என்றாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லேப்டாப்புக்கு வந்தான். குமிழை இடப்பக்கம் தள்ளினான். ஒன்றுமில்லை. அன்டூ. இல்லை. படிக்குப் படி சேவ் செய்து வைத்தது அவனேதான். செய்த வேலை கெட்டுவிடக் கூடாதென்று ஆபீஸில் பழகிய பழக்கம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. அவன் விரல் ஒன்றை அழுத்தினால் இன்னொன்று திறந்தது. அழித்தான். மூடினான். திறந்தான். கடைசியில் அந்தப் பத்து விநாடி அகப்பட்டது. தொடாமல் வைத்திருந்த மூலப் பதிவு. அதை ஸ்பீக்கரில் போட்டான்.

ஆர்யாவின் நெஞ்சு நன்றாக எழுந்தது.

ஒன்று. இரண்டு. ஆறு மூச்சு. பதிவு முடிந்தது. நெஞ்சும் நின்றது.

திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தான். ஆறு மூச்சு. பிறகு தொடக்கத்துக்குத் தாவும் இடத்தில் ஸ்பீக்கரில் ஒரு சின்ன சொடுக்கு. அந்தச் சொடுக்கில் பிள்ளையின் உடம்பு ஒரு தடவை உதறியது. மறுபடி அதே ஆறு மூச்சு. மூன்றாவது மூச்சில் உதடு சப்புக்கொட்டியது. ஒவ்வொரு தடவையும் மூன்றாவதில். சுவரில் கடிகார முள் பத்து விநாடி நகர்ந்தது, சொடுக்கில் பின்னால் குதித்தது, மறுபடி நகர்ந்தது. அதைப் பார்த்த பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

போதும். பிள்ளைக்கு மூச்சு ஓடுகிறது. அது போதும். பெட்ஷீட்டை விரித்து அவளை ஸ்பீக்கரின் பக்கத்தில் கிடத்தினான்.

போன் அடித்தது. உரத்த மணி. நெஞ்சு நின்றுவிட்டது. ஸ்பீக்கர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மணியோசையில் அது மூழ்கிப்போயிற்று. பாய்ந்து போனை எடுத்தான். மணி நின்றதும் நெஞ்சு எழுந்தது.

புரிந்துவிட்டது. அந்தப் பத்து விநாடி அறைக்குள் கேட்க வேண்டும். வேறெதுவும் அதை மூடக் கூடாது.

“ஸ்ரீகாரியம் தாண்டியாச்சு” என்று திவ்யா கத்தினாள். அவள் குரலுக்குப் பின்னால் சைரன். “இந்தா வந்தாச்சு. மூச்சு இருக்கா?”

“திவ்யா, சைரன நிறுத்தச் சொல்லு. சைரன் வேண்டாம்.”

“என்ன? கேக்கல்ல!”

“சைரன்! அத நிறுத்து!”

“ஒண்ணும் கேக்கல்லங்க, இங்க ஒரே சத்தம்! தைரியமா இருங்க!” போன் அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. கட்டைவிரலால் செய்தி அனுப்பினான். அவள் பார்க்கவில்லை. ஸ்பீக்கரை முழுக்கத் திருகினான். அதற்குமேல் திருக இடமில்லை. ஹெட்ஃபோனைப் பிள்ளையின் காதில் வைத்துப் பார்த்தான். நெஞ்சு அசையவில்லை. காதுக்குள் கேட்டால் போதவில்லை. பிடுங்கி எறிந்தான். ஜன்னல்களைச் சாத்தினான். இடுக்குகளில் துணியைத் திணித்தான்.

அப்போது கேட்டது. வெகு தூரத்தில். மற்ற நாளென்றால் லாரிகளின் இரைச்சலில் காதில் விழுந்தே இருக்காது. இன்றைக்கு ஊரே வாயை மூடிக்கொண்டு கிடந்தது. பைபாஸ் முழுக்க அந்த ஒரு சத்தம்தான்.

நெஞ்சு எழுந்தது. கொஞ்சம் குறைவாக. அடுத்தது அதைவிடக் குறைவாக.

பால்கனிக்கு ஓடினான். சந்து முனையில் ஆம்புலன்ஸ் திரும்பியது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். வேண்டாம். நிறுத்து. தொண்டை கிழியக் கத்தினான். முன் ஸீட்டில் திவ்யா அவனைப் பார்த்துவிட்டாள். டிரைவரின் தோளைத் தட்டி அவனைக் காட்டினாள். வண்டி வேகமெடுத்தது. கீழே ஓமனாக்கா தெருவில் இறங்கி, “இங்கோட்டு, இங்கோட்டு” என்று அவளும் கையை ஆட்டினாள்.

உள்ளே ஓடி வந்தான். பெட்ஷீட்டை இழுத்துப் பிள்ளைக்கும் ஸ்பீக்கருக்கும் தனக்கும் மேலே போர்த்திக்கொண்டு குனிந்தான். வியர்வை. இருட்டு. கையை அவள் நெஞ்சில் வைத்தான்.

ஒன்று.

இரண்டு.

வண்டி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கதவுகள் திறந்தன. எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். சைரனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்பீக்கரின் கூம்பு விரலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. படியில் திவ்யாவின் செருப்புச் சத்தம் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. யாரோ போர்வையை உருவினார்கள். அவள் முழங்காலிட்டாள். வாய் அசைந்தது; என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. அவன் ஜன்னலைக் காட்டினான். கீழே காட்டினான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

அவள் பிள்ளையை வாரித் தூக்கினாள். ஆர்யாவின் தலை அம்மாவின் முழங்கைக்கு மேலே பின்னால் தொங்கியது, உதடு நீலமாக, நெஞ்சு எழாமல். தெருவில் சைரன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.