பட்டாணி இறங்கும் நிறுத்தம்

அப்பா எனக்கு வைத்த பட்டப்பெயர் வானொலி. காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி தூங்கும்வரை ஓடிக்கொண்டே இருக்குமாம். "இதுக்கு பேட்டரி எங்க இருக்குன்னு யாராவது கண்டுபிடிங்கப்பா" என்பார்.

என் அண்ணன் எனக்கு நேர் எதிர். என்னைவிட இரண்டு வயது பெரியவன். பேசும்போது அவனுக்குத் திக்கும். முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். அது விடுபட்டு வெளியே வருவதற்குள் நான் அவன் வாக்கியத்தை முடித்து வைத்துவிடுவேன். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். சத்தியமாக.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டும் டிரைவர் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வானொலி, உன்னால ஒரு காரியம் ஆகணும்."

காரியம் பட்டாணியைப் பற்றியது. பட்டாணி ஒன்றாம் வகுப்பு. பேருந்திலேயே சின்னவள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்குக் கண் தெரியாது. தினமும் அவள் அம்மாவே கூட வந்து அழைத்துப்போவார். அந்த வாரம் புதன்கிழமை மட்டும் அவரால் வர முடியவில்லை. அன்று பார்த்துப் பின்சீட்டில் ஒரே சண்டை. டிரைவர் மாமா நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது பட்டாணியின் காதில் விழவில்லை. யாரும் எழுந்திருக்காததால் அவரும் வண்டியை எடுத்துவிட்டார். கடைசி நிறுத்தம் தாண்டிய பிறகுதான், பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாராம். தன் இடம் போய்விட்டது என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தவள், வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லையாம்.

"திங்கக்கிழமையிலேர்ந்து அவங்க அம்மா வேலைக்குப் போறாங்க. புள்ள தனியாத்தான் வரணும். ஆனா பஸ்ஸுன்னாலே இப்ப அவளுக்கு நடுக்கம்" என்றார் டிரைவர் மாமா. "இவங்க போடற சத்தத்துல என் தொண்டை எடுபடல. நீ ஒவ்வொரு ஸ்டாப் பேரையும் தெளிவா சொல்லி, பென்டிரைவ்ல போட்டுக் குடு. நான் பட்டனை அழுத்தினா ஸ்பீக்கர்ல வரட்டும். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

மொத்தமே ஏழு பெயர்கள். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி, மாமா" என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

எங்கள் வீட்டு மாடி அறையில் சித்தி இருக்கிறார். கணக்குப் பாடம் நடத்தி, அதைக் கணினியில் பதிவு செய்து அனுப்புவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிட்டு அவர் வெளியே கிளம்பினார். மேசைமேல் மைக் இருந்தது. மைக்கின் வயர் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டிக்குப் போனது. பெட்டியின் வயர் கணினிக்குப் போனது.

"உடைச்சிடாதீங்க. சினிமாவுக்குப் போறேன், போனை ஆஃப்ல வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணி இரண்டரை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். பதிவு பட்டனை அழுத்தி, "வணக்கம்" என்றேன்.

'கீ...ச்' என்று ஸ்பீக்கர் கத்தியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அண்ணன் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஹெட்போனை எடுத்துப் பெட்டியில் செருகினான். என் குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்து, மறுபடி மைக்குக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றி ஓடியதால் வந்த சத்தம் அது. அவ்வளவுதான். கோளாறு சரியாகிவிட்டது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"தபால் நிலையம்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"தபால்" என்பதற்குள், காதில் என் குரலே கொஞ்சம் பின்தங்கி "தபால்" என்றது. நான் தடுமாறி "நி... நிலை..." என்றேன். காதில் வந்த நானும் "நி... நிலை..." என்றேன். யாரோ என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பது போல இருந்தது.

மறுபடி சொன்னேன். மறுபடி இடறியது. மூன்றாம் முறை "தபால்... பால்... நிலையம்" என்று வந்தது. தபால் நிலையத்தில் பால் விற்பது போல.

"பெ... பெட்டியில..." என்றான் அண்ணன்.

"பெட்டியில கோளாறு, அதானே? நானும் அதையேதான் நினைச்சேன்" என்று சொல்லி, பெட்டியின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். ஒன்றும் மாறவில்லை.

"அ... அதை தி... தி..."

"திரும்ப ஆரம்பிக்கணுமா? சரி." கணினியை அணைத்துத் திறந்தேன். சித்தியின் கணினி எழுந்து சோம்பல் முறித்து வேலைக்கு வரப் பத்து நிமிடம் ஆனது. ஒன்றும் மாறவில்லை.

அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

ஹெட்போனே வேண்டாம் என்று அதைக் கழற்றிவிட்டு ஏழு பெயர்களையும் கடகடவென்று சொன்னேன். போட்டுக் கேட்டால் ஒரு பெயர் காதைப் பிளந்தது, அடுத்தது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நான் பேசும்போது தலையை ஆட்டுவேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எப்படிப் பதிவாகிறது என்று கேட்டுக்கொண்டே பேசினால்தான் ஒரே மாதிரி வரும். ஹெட்போனை மாட்டாமல் முடியாது. மாட்டினால் பேச முடியாது.

ஹெட்போனை மறுபடி மாட்டி முயன்று முயன்று மணி நாலரை ஆகிவிட்டது. பட்டாணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

அப்போது மடித்த துணிகளோடு அப்பா எட்டிப்பார்த்தார். "என்ன வானொலி, ஒலிபரப்பு முடிஞ்சதா?"

ஹெட்போனைக் கழற்றாமலே பதில் சொன்னேன். "இல்லப்பா, இந்த த... தண்..."

"தண்ணி வேணுமா?"

"இல்ல, தண்... தண்ணீ..."

"புரியுது, புரியுது. தொண்டை காஞ்சிருக்கும். பேசாத. இதோ கொண்டு வரேன்" என்று அப்பா வேகமாகப் படியிறங்கிவிட்டார்.

தண்ணீர்த் தொட்டி என்று சொல்ல வந்தேன். பட்டாணி இறங்கும் நிறுத்தத்தின் பெயர் அது. அது வாயில் வரவே மாட்டேன் என்கிறது என்று சொல்ல வந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தாகமே இல்லாதவளுக்குத் தண்ணீர் வருகிறது. நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கிறது. அப்பா எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அண்ணன் சிரிப்பான் என்று திரும்பினேன். அவன் சிரிக்கவில்லை. அந்தச் சிவப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உனக்கு தினமும் இப்படித்தான் இருக்குமா?"

அவன் யோசித்தான். நான் காத்திருந்தேன். என் நாக்குக்கு அது பழக்கமே இல்லை. பல்லுக்கு நடுவில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"தி... திக்கறது இப்படி இல்ல. அது வேற" என்றான். "ஆனா யாராவது மு... முடிச்சு வைக்கும்போது, இப்படித்தான் இருக்கும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனை முறை அவனுக்கு வேண்டாத தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

"அப்ப நீ பெட்டியில ஏதோ சொல்ல வந்தியே, அது கோளாறு இல்லையா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"சொல்லு. நான் வாயே திறக்கல."

அவன் சொன்னான். கொஞ்ச நேரம் எடுத்தது. ஆனால் முழுசாகச் சொன்னான்.

"ரெ... ரெக்கார்டைப் போட்டுக் கேட்டோமே, அதுல எ... எதிரொலி இல்ல. அப்ப ப... பதிவு சரியாத்தான் ஆகுது. உன் காதுக்கு வர்றதுதான் லேட். உன் குரல் க... கம்ப்யூட்டருக்குள்ள போய், ஊரைச் சுத்திட்டு வருது. சி... சித்தி பாடம் எடுக்கும்போது நான் இங்கதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அவங்க மொதல்ல இந்த ரவுண்டு பட்டனைத் தி... திருப்புவாங்க."

பெட்டியின் நடுவில் ஒரு வட்டக் குமிழ் இருந்தது. அதன் ஒரு பக்கம் மைக் படம். மறுபக்கம் கணினிப் படம். இப்போது குமிழ் கணினிப் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணன் அதை மைக் பக்கம் கடைசிவரை திருப்பினான்.

"இ... இப்ப பெட்டியிலேர்ந்தே நேரா காதுக்கு வரும்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "தபால் நிலையம்" என்றேன்.

என் குரல் என்னோடேயே வந்தது. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. இரண்டு மணி நேரம் நான் மல்லுக்கட்டியது ஒரே ஒரு திருப்பில் தீர்ந்துவிட்டது. அவன் அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்ல வந்திருக்கிறான்.

"தபால் நிலையம். பழைய பாலம். பேக்கரி முனை. நூலகம். ரயில்வே கேட்." மடமடவென்று ஐந்து முடிந்தன. தலையை ஆட்டவே இல்லை. அடுத்து வரும் தண்ணீர்த் தொட்டியைத் தள்ளிவைத்து, கடைசி நிறுத்தமான மரக்கடையையும் சொல்லி முடித்துவிட்டு, அதற்காக மூச்சை இழுத்தேன்.

"ப... பட்டாணி ஸ்டாப்பை நான் சொல்லட்டுமா?" என்றான் அண்ணன்.

மணி நான்கு நாற்பது. 'நேரம் இல்லையே' என்று நாக்கு துள்ளியது. அடக்கினேன். எழுந்து நாற்காலியை அவனுக்குக் கொடுத்தேன்.

முதல் தடவை இருமிவிட்டான். இரண்டாம் தடவை அப்பா தண்ணீரோடு கதவைத் திறந்தார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டியதும் மிரண்டுபோய், சொம்போடு அப்படியே நின்றுவிட்டார். வானொலி அமைதி கேட்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் தடவை.

"தண்... தண்... தண்ணீர்த் தொட்டி."

கணினித் திரையில் அவன் குரல் கோடாகத் தெரிந்தது. இரண்டு சின்ன மேடு, பிறகு ஒரு பெரிய மேடு. அந்தச் சின்ன மேடுகளை வெட்டி எடுப்பது ஒரு நிமிட வேலை. என் கை தானாகவே சுட்டியின் பக்கம் போனது. பாதியில் நிறுத்தி, அவனிடம் கேட்டேன்.

"இதை வெட்டணுமா, இருக்கட்டுமா? நீயே சொல்லு."

அவன் திரையை வெகுநேரம் பார்த்தான். "வெ... வெட்டினா நீ பேசற மாதிரி ஆயிடும்" என்றான். "இ... இருக்கட்டும்."

ஐந்து மணிக்கு டிரைவர் மாமா வந்து பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. பட்டாணிக்குப் புரியாமல் போய்விட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை மாலை பேருந்தில் என் குரல் ஒலித்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நிற்கும். உடனே தள்ளுமுள்ளு. பழைய பாலத்தில் இறங்கிய ஒருவன் அவசரத்தில் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போனான். பட்டாணி முன்சீட்டில், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

எங்கள் நிறுத்தம் பேக்கரி முனை. நாங்கள் இறங்கவில்லை. தண்ணீர்த் தொட்டிவரை போய் வருகிறோம் என்று வீட்டில் முன்பே சொல்லிவிட்டோம். பட்டாணிக்கு அது தெரியக் கூடாது என்று பேசிவைத்திருந்ததால், மூன்று நிறுத்தங்கள் நான் வாயைத் திறக்காமல் வந்தேன். வேறு யாராவது என்றால் இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மெடல் கொடுக்கலாம்.

நூலகம் போனது. ரயில்வே கேட் போனது. டிரைவர் மாமா பட்டனை அழுத்தினார்.

"தண்..." என்றது ஸ்பீக்கர்.

பட்டாணி நிமிர்ந்தாள்.

"தண்..."

ஒரு கையைப் பையின் வாருக்குள் விட்டாள். பிறகு மறு கையை விட்டாள்.

"தண்ணீர்த் தொட்டி."

வண்டி நின்றபோது அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். கீழே அவளை அழைத்துப்போக வந்திருந்த பெரியம்மா கையை நீட்டினார். பட்டாணி படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாமா, இந்த ஸ்டாப்பைச் சொன்ன அண்ணா யாரு?"

"ஏம்மா கேக்கற?"

"மத்த ஸ்டாப்பெல்லாம் ஒரு அக்கா டக்குனு சொல்லிட்டுப் போயிடறாங்க. இந்த அண்ணா மட்டும்தான் நான் பை மாட்டற வரைக்கும் இருந்தாங்க."

டிரைவர் மாமா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. உதட்டை இறுக மடித்துக்கொண்டேன்.

"நா... நா..." என்றான் அண்ணன்.

யாரும் அவசரப்படவில்லை. பேருந்துகூட.

"நான்தான், பட்டாணி."